வனவிலங்குப் புகைப்படமும் உண்மையும்

மாணவர்களே, மாரி காலத்தில் சுருவில் கரையில் நிற்கிறீர்கள் எனக் கொள்வோம். பரவைக் கடலில் நான்கு பூநாரைகள் இரை தேடுகின்றன. கைத்தொலைபேசியில் படம் எடுக்கிறீர்கள். படம் மங்கலாக இருப்பதால் வெளிச்சத்தைக் கூட்டுகிறீர்கள். பின்பு நான்கு பறவைகளை நாற்பதாக்கி, "இன்று எங்கள் ஊரில்" என எழுதி நண்பர்களுக்கு அனுப்புகிறீர்கள். இவ்விரு மாற்றங்களும் ஒரே தன்மையுடையனவா?

1. ஒரு கலைஞரின் வாழ்வு

மா. கிருஷ்ணன் (1912–1996) நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் இறக்கும்வரை, 46 ஆண்டுகள், கல்கத்தாவின் 'த ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றி எழுதினார். வெவ்வேறு பாகங்களைப் பொருத்தித் தாமே அமைத்த பாரமான கமராவால் காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். இத்தொழிலின் முதலீடு கமரா மட்டுமன்று. விலங்கை அறிதலும் பொறுமையுமே ஆகும்.

2. திருத்தமும் திரிபும்

பிலிம் காலத்திலும் இருட்டறையில் படத்தின் ஒளியைக் கூட்டிக் குறைத்தனர். இன்று அதைக் கணினியில் செய்கின்றனர். லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலை நடத்தும் வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் ஒளியைச் சீராக்கலாம், ஓரத்தை வெட்டலாம். ஆனால் விலங்கைச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. முன்னையது திருத்தம், பின்னையது திரிபு.

3. கமராவுக்கு முன்னும் பொய் நிகழலாம்

அப்போட்டியில் 2009 இல் முதற்பரிசு பெற்ற படம், வேலிப் படலையைத் தாண்டிப் பாயும் ஓர் ஓநாயைக் காட்டியது. அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கலாம் என நடுவர்கள் முடிவு செய்து, 2010 இல் பரிசை இரத்துச் செய்தனர். படமெடுத்தவர் அதை மறுத்தார். 2018 இல் வேறொரு பரிசுப் படமும் நீக்கப்பட்டது. அதிலுள்ள எறும்புண்ணி, பாடம் செய்த உடல் என நடுவர்கள் கருதினர். அவரும் மறுத்தார். இவ்விரு படங்களிலும் எழுந்த குற்றச்சாட்டு கணினித் திருத்தம் பற்றியதன்று என்பதைக் கவனிக்க.

4. ஏன் இது முக்கியம்?

வனவிலங்குப் படம் ஒரு சாட்சி. நாற்பது பூநாரைகளைக் கண்டவர், பறவைகளுக்குக் குறைவில்லை என நம்புவார். அழிவு கண்ணிற் படாது போகும். பொய் வெளிப்பட்டால், நாளை நீங்கள் அனுப்பும் உண்மைப் படத்தையும் எவரும் நம்பார். செயற்கை நுண்ணறிவால் காட்டுக்குப் போகாமலே படம் உருவாக்கக்கூடிய இக்காலத்தில், எடுத்தவரின் நேர்மையே படத்தின் பெறுமதியாகும்.

நினைவிற் கொள்க: கண்டதைத் தெளிவாக்குவது திருத்தம். காணாததைக் கண்டதாக நம்பவைப்பது திரிபு.

பயிற்சி
1. திருத்தம், திரிபு என்பவற்றை வேறுபடுத்தி, ஒவ்வோர் உதாரணம் தருக.
2. ஓநாய்ப் படம் கணினியில் மாற்றப்படாதிருந்தும் பரிசை இழந்தது ஏன்?
3. பூநாரைப் படத்தின் ஓரத்தில் கிடந்த பிளாஸ்ரிக் போத்தலை அழித்தல் சரியா? ("ஆம்", "இல்லை" மட்டும் போதாது, காரணம் எழுதுக. கரை சுத்தமாக உள்ளதென வாசகர் நம்புவாரா என்பதைச் சிந்திக்க.)