பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு ஏற்ற டீசல் சரக்கு வண்டி

கூட்டுறவுச் சங்கம் ஒன்று தன் சொந்தப் பொறுப்பில் சரக்கு வண்டி வாங்க முனைவது சிறிய காரியமன்று. அங்கத்தினர் பங்குத் தொகையும் வங்கிக் கடனும் நான்கு சக்கரங்களின் மேல் ஏறி வெயிலிலும் மழையிலும் ஓடத் தொடங்குகின்றன. இவ்விதழின் வாசகர்களிற் பெரும்பாலோர் தறியையோ நிலத்தையோ நம்பி வாழ்பவர்கள். மீன் வண்டியைப் பற்றிய பாடம் நமக்கு எதற்கு என்று அவர்கள் கேட்கலாம். பழவேற்காட்டு ஏரிக்கரையில் பழுதின்றி ஓடும் வண்டி வேறு எவ்வூரிலும் ஓடும் என்பதே நமது விடை. மேலும், அவ்வூர் நெசவாளருக்கு அந்நியமானதும் அன்று. முற்காலத்தில் அதன் பெயரைக் கடல் கடந்து கொண்டு சென்றது மீனன்று. அத்துறைமுகத்தினின்று கப்பலேறிய வண்ணக் கைத்தறித் துணியே. மெக்சிக்கோ நாட்டில் இன்றும் கழுத்தில் கட்டும் கைக்குட்டைக்குப் ‘பாலியகாத்தே’ என்று பெயர். அது பழவேற்காடு என்பதன் திரிபென்பர்.

ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து பொன்னேரி 20 கிலோமீட்டர் அளவிலும், சென்னைச் சந்தைகள் 60 கிலோமீட்டர் அளவிலும் உள்ளன. தூரம் பெரிதன்று. ஆனால் சேலை மூட்டை வழியில் ஒரு நாள் நின்றாலும் சேலையாகவே இருக்கும், இறால் அப்படியன்று. பனிக்கட்டி கரைந்து சில மணி நேரம் சென்றால் தலைப்பகுதி கறுக்கும். கறுத்த இறாலைக் கண்ட வியாபாரி விலையைக் குறைப்பான். ஓர் இரவு வண்டி நடுவழியில் நின்றால், பல குடும்பங்களின் உழைப்பு ஒரே சமயத்தில் வீணாகிறது. ஆகவே இங்கு வண்டியின் வேகத்தைவிட அது நில்லாமல் ஓடுவதே முக்கியம்.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது நிர்வாகக் குழுவினர் செய்யும் கணக்கு பெரும்பாலும் ஓரிடத்தில் தவறுகிறது. “நமது சங்கத்துக்கு நாளொன்றுக்கு 400 கிலோ மீன் வருகிறது, முக்கால் டன் வண்டி தாராளமாகப் போதும்” என்பார்கள். நம் நாட்டு வெப்பத்தில் மீன் கெடாதிருக்க, எடைக்கு எடை பனிக்கட்டி இடுதல் நன்று. அப்படியாயின் 400 கிலோ மீனுக்கு 400 கிலோ பனிக்கட்டி. பெட்டிகளுக்கும் கூட வரும் ஆளுக்கும் ஏறக்குறைய 150 கிலோ. ஆக 950 கிலோ. 2005ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் வெளிவந்தபின் சிறு வியாபாரிகள் பலர் சொந்த வண்டிக்காரராயினர். அது நல்ல வண்டியே. ஆயினும் முக்கால் டன் வகையைச் சேர்ந்த வண்டியில் இச்சுமையை நாள்தோறும் ஏற்றினால் ஸ்பிரிங் பட்டையும் பிரேக்கும் விரைவில் கெடும். இத்தகைய சங்கத்துக்கு அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற ஒன்றேகால் டன் வகையே பொருந்தும். மீன்பாடு மிகும் சில வாரங்களை எண்ணி இதற்கும் பெரிய வண்டி வாங்க வேண்டுவதில்லை. அவ்வாரங்களில் வாடகை வண்டி அமர்த்துவதே சிக்கனம்.

நெசவாளர் சங்கத்துக்குக் கணக்கு தலைகீழாகும். துணி மூட்டை எடை குறைந்தது, இடம் மிகுதியாகக் கொள்வது. அங்கு தொட்டியின் நீளத்தைப் பார்க்க வேண்டும். சுமையோடு சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத வண்டிக்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி பெர்மிட் வேண்டுவதில்லை என்பதையும் வாங்குமுன் நினைவிற்கொள்க. ஓட்டுநர் உரிமத்தைப் பற்றி இருந்த ஐயமும் நீங்கிற்று. இலகு ரக உரிமம் உள்ளவர் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துள்ளது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை இறுக்கிச் சூடேற்றி அதில் எண்ணெயைப் பீய்ச்சுவதால் அது எரிகிறது. பீய்ச்சும் இன்ஜெக்டரின் துளை மயிரிழை போன்றது. எண்ணெயோடு ஒரு துளி நீரோ தூசியோ சென்றால் ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும். எனவே பில்டரின் அடியில் தங்கும் நீரை வாரம் ஒருமுறை திறந்து விட வேண்டும். கரையில் கேனில் வைத்த படகு டீசலை அவசரத்துக்கு வண்டியில் ஊற்றும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். கடற்காற்றில் கிடந்த கேனில் ஈரம் சேர்ந்திருக்கும். அன்றியும், அது விற்பனை வரி விலக்குடன் மீன்பிடிப்புக்காக வழங்கப்படுவது. வண்டிக்கு ஊற்றினால் தணிக்கையில் பதில் சொல்ல நேரும்.

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. வண்டி சற்று வேகமாகத் தொடர்ந்து ஓடினால்தான் அதிலுள்ள கரி எரிந்து நீங்கும். குப்பத்துக்கும் பொன்னேரிக்கும் இடையே மெதுவாகச் சென்று மீளும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். முகப்பில் அதற்குரிய விளக்கு எரிந்தால், கையேட்டிற் கண்டபடி நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட்டி வருக. விளக்கின் ஒயரைக் கழற்றி விடுவது வைத்தியமன்று.

இனி உப்புக்கு வருவோம். கோடையில் ஏரியின் சில பகுதிகளில் நீர் கடலினும் கரிக்கும். காற்றில் வரும் உப்பு ஒரு பங்கு கெடுதி செய்தால், மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் நீர் ஒன்பது பங்கு செய்யும் என்பது நமது கருத்து. அந்நீர் பலகை இடுக்கு வழியே இறங்கி, சேஸிஸ், ஸ்பிரிங் பட்டை, பிரேக் குழாய் ஆகியவற்றின்மேல் இரவு முழுதும் சொட்டுகிறது. பிரேக் குழாய் அரித்துப்போவது செலவு மட்டுமன்று, உயிருக்கே ஆபத்து. ஆதலின் வண்டி வாங்கிய வாரத்திலேயே தொட்டியின் தளத்தில் இடுக்கின்றி விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்று அமைத்து, அதன் நீர் சேஸிஸில் படாது தரையில் விழுமாறு குழாய் வைக்க வேண்டும்.

அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுவது நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை. குடிநீருக்கே குடத்தோடு காத்திருக்கும் குப்பத்தில் வண்டி கழுவ நீர் கேட்பது முறையாகாது. ஏரி நீரால் கழுவுவதோ கழுவாமலிருப்பதிலும் கேடு. சரக்கு இறக்கித் திரும்பும் வழியில், நன்னீர் கிடைக்கும் உள்ளூர்ப் பகுதியிலேயே கழுவி வருக. சிலர் கழிவு எண்ணெயை அடிப்பாகத்தில் பூசுகிறார்கள். அது ரப்பர் புஷ்ஷையும் பிரேக் ஹோஸையும் உப்பச் செய்து கெடுக்கும். துரு தடுக்கும் பூச்சை ஆண்டுதோறும் மழைக்கு முன் அடித்தலே தக்கது. கிரீஸ் அடிக்கும்போது, நீர் கலந்து வெளுத்த பழைய கிரீஸ் முழுதும் வெளிவரும் வரை அடிக்க வேண்டும்.

இவ்வளவு சிரமம் தேவையா என்பார்க்கு ஒரு கணக்கு. வண்டியின் விலை 8 லட்சம் ரூபாய் என்றும், ஆண்டுக்கு 300 நாள் ஓடுகிறது என்றும் கொள்வோம். எட்டாண்டு உழைத்தால் தேய்மானம் நாளுக்கு ஏறக்குறைய ரூ. 333. துரு அதனை ஐந்தாண்டில் முடித்துவிட்டால் ரூ. 533. கழுவாத வண்டியில் உப்பு நாள்தோறும் தின்பது ரூ. 200. இத்தொகை எந்த ரசீதிலும் வராததால் எவர் கண்ணிலும் படுவதில்லை.

ஆகவே ஓடிய தூரம், ஊற்றிய டீசல், ஏற்றிய எடை, கழுவிய இடம் இந்நான்கையும் ஓட்டுநர் அன்றன்றே லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். ஒரு லிட்டருக்கு ஓடும் தூரம் மாதாமாதம் குறைந்து வந்தால், பழுது எங்கோ தொடங்கிவிட்டது என்று காரியதரிசி அறிந்துகொள்ளலாம். எவர் சரக்கு எந்நாளில் முதலில் ஏறுவது என்ற பூசலும் எழக்கூடும். ஏரியில் ‘பாடு’ வைத்து வலையிடும் உரிமையை முறைபோட்டுப் பகிர்ந்துவரும் ஊரார்க்கு, வண்டிக்கும் ஒரு முறை வகுப்பது கடினமன்று.

புதிய வண்டிக்குப் பணம் போதாத சங்கங்கள் பழைய வண்டி பார்க்கையில், கடற்கரையில் ஓடியதை விட்டு உள்நாட்டில் ஓடியதையே தேடுக. காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே சென்று பார்க்க வேண்டும். நாம் வருமுன் சூடேற்றி வைத்த எஞ்சின் தன் குறையை மறைத்துவிடும். கிளப்பியபின் நீலப் புகை நில்லாது வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். அடிப்பாகத்தில் புதிதாகக் கறுப்பு வண்ணம் அடித்திருந்தால் ஐயுற வேண்டும். சேஸிஸின் பட்டை பொருந்தும் இடங்களில் ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பார்க்க, முனை உள்ளே இறங்குமாயின், விலை எவ்வளவு குறைவாயினும் அவ்வண்டியை வாங்கலாகாது.