சவரக்கத்தி: முத்திரையைப் பார்த்து வாங்கலாமா?

நமது கடைகளில் விற்கும் சரக்குகளைப் பற்றி நாம் அறிந்துகொள்ள வேண்டியவை ஏராளம். அவற்றில் பலரும் மறந்துவிட்ட ஒரு சரக்கைப் பற்றி இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம், எங்கள் மொத்தக்கடைக்கு மாதந்தோறும் வரும் மளிகைக்கடைக்காரர் ஒருவர்தான். பிளேடு, பிரஷ், படிகாரக்கல் எல்லாம் எடுத்து வைத்த பிறகு, "அண்ணாச்சி, அந்தக் காலத்து மடக்குச் சவரக்கத்தி கிடைக்குமா? எங்கள் தெருப் பையன்கள் கேட்கிறார்கள்" என்றார். எங்களுக்கு வியப்பாக இருந்தது. அந்தச் சரக்கை நாங்கள் நிறுத்தி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

பிளேடு வாங்கி வாங்கி எறிவதைவிட, ஒரே கத்தியை ஆயுள் முழுதும் தீட்டிப் பயன்படுத்தலாம் என்ற ஆசை இளைஞர் சிலருக்கு வந்திருக்கிறது. ஆசை நல்லதுதான். ஆனால் பிளேடு பாக்கெட்டில் குறை இருந்தால் சில ரூபாயோடு போகும். சவரக்கத்தியில் குறை இருந்தால் வாங்கியவர் கழுத்தில் காயம். விற்றவர் பெயருக்கும் காயம். இதை நாங்கள் பிறர் சொல்லிக் கேட்டு எழுதவில்லை.

1984ஆம் ஆண்டு எங்கள் தகப்பனார் கடையைப் பார்த்து வந்தார்கள். நாங்கள் படிப்பு முடித்துக் கல்லாவில் உட்காரத் தொடங்கிய நேரம். தரகர் ஒருவர் மூன்று டஜன் சவரக்கத்தி கொண்டுவந்தார். கண்ணாடிபோல் பளபளப்பு, அலகின் அடியில் ஜெர்மனி முத்திரை, விலையோ சந்தை விலையில் பாதி. தகப்பனார் வாங்கிவிட்டார்கள். ஒரு வாரத்தில் சுற்றுவட்டார சலூன்களுக்கு ஒன்றரை டஜன் விற்றும் விட்டோம்.

நான்காம் நாளே எங்கள் கடைத்தெருவில் சலூன் வைத்திருந்த பெரியவர் வந்தார். முகூர்த்த நாளன்று மாப்பிள்ளைக்குச் சவரம் செய்கையில் கத்தி இழுத்துக் கன்னத்தில் கீறிவிட்டது. கல்யாண வீட்டாரின் ஏச்சைக் கேட்டுவிட்டு நேரே வந்திருந்தார். கத்தியை மேசைமேல் வைத்து, "முதலாளி, இது கத்தி இல்லை, கண்ணாடி. முகம் பார்க்கலாம், முகம் வழிக்க முடியாது" என்றார். தகப்பனார் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. கடைப் பையனைச் சைக்கிளில் அனுப்பி விற்ற கத்தி அனைத்தையும் திரும்ப வாங்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். தரகரை அதன்பின் நாங்கள் பார்க்கவில்லை. அந்தக் கத்திகளில் ஒன்று இன்றும் எங்கள் கிடங்கில் மூட்டை தைத்த சணலை அறுக்கப் பயன்படுகிறது. அதற்கு அது போதும்.

நடந்தது என்னவென்று பெரியவரே விளக்கினார். துருப்பிடித்த பழைய கத்திகளை யாரோ பாலிஷ் சக்கரத்தில் அழுத்திப் பிடித்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். மெல்லிய அலகு சக்கரத்தில் சூடேறும். சூடேறினால் எஃகின் பதம் போய்விடும். சுமார் 220 டிகிரி வெப்பத்தில் எஃகு வைக்கோல் நிறம் காட்டும். 300 டிகிரி அளவில் நீலம் பாயும். பாலிஷ் அந்த நிறத்தை அழித்துவிட்டாலும், அலகும் தண்டும் சேரும் மூலையில் நீலம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பதம் போன அலகை எத்தனை நேரம் தீட்டினாலும் கூர் நிற்காது. அரை முகம் வழிப்பதற்குள் மடங்கிவிடும்.

முத்திரை பொய்யா என்று கேட்டோம். "முத்திரை மெய்யாகவே இருக்கலாம். கத்திதான் செத்துப்போச்சு" என்றார்.

முத்திரையின் கதை நம் வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. சவரக்கத்திக்குப் பெயர்பெற்ற ஊர்கள் இங்கிலாந்தில் ஷெஃபீல்டும் ஜெர்மனியில் சோலிங்கனும் ஆகும். பிரான்சில் தியேர் என்ற ஊரும் உண்டு. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்பவர் மூசையில் உருக்கிச் சீரான எஃகு எடுக்கும் முறையைக் கண்டுபிடித்த பின் ஷெஃபீல்டின் புகழ் ஓங்கியது. அந்தப் புகழைப் பார்த்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோலிங்கனில் செய்த மலிவுக் கத்திகள் சிலவற்றில் ஷெஃபீல்டு என்றே பொறித்து விற்றார்கள். ஷெஃபீல்டுக்காரர்கள் கூக்குரலிட்டார்கள். 1887இல் பிரிட்டிஷ் அரசு சரக்கு முத்திரைச் சட்டம் கொண்டுவந்து, வெளிநாட்டுச் சரக்கில் உண்மையான நாட்டின் பெயரைப் போடச் செய்தது. 'ஜெர்மனியில் தயாரித்தது' என்ற வாசகம் அப்படித்தான் பிறந்தது. மட்டமான சரக்கை அடையாளம் காட்ட வந்த வாசகம், சோலிங்கன்காரர்கள் தரத்தை உயர்த்தியதும் உயர்ந்த சரக்கின் அடையாளமாகிவிட்டது! பிறகு சோலிங்கன் பெயரையே பிறர் திருடத் தொடங்க, 1938இல் ஜெர்மனியில் அந்தப் பெயருக்கே சட்டப் பாதுகாப்பு தர வேண்டியதாயிற்று. முக்கியமான வேலைகள் அந்த வட்டாரத்திலேயே நடந்தால்தான் அங்கே அந்தப் பெயரைப் பொறிக்கலாம்.

ஆகவே முத்திரையைப் பாருங்கள்; அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

இனி கத்திக்கு வருவோம். அலகின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் இத்தனை பங்கு என்று சொல்வது வழக்கம். 5/8 என்றால் சுமார் 16 மில்லிமீட்டர், 6/8 என்றால் 19 மில்லிமீட்டர். புதிதாகப் பழகுவோருக்கு இவ்விரண்டில் ஒன்று போதும். அதைவிட அகலமானது கனமாக இருக்கும், மூக்கின் கீழ் திருப்ப வராது. குறுகலானது கைக்கு அடங்கும், ஆனால் நுரையை அதிகம் ஏந்தாது. முனை உருண்டையாக இருப்பதையே கொடுக்க வேண்டும். சதுர முனை மீசையோரம் ஒழுங்கு செய்ய உதவும் என்றாலும், பழகாத கையில் காதோரம் குத்திவிடும்.

அலகின் இரு பக்கமும் குழிவாக அரைக்கப்பட்டிருக்கும். முழுக் குழிவு என்றால் அலகு மிக மெல்லியது. நகத்தால் சுண்டினால் 'டிங்' என்று பாடும். அரைக் குழிவு சற்றுத் தடிப்பு. குழிவே இல்லாத ஆப்பு வடிவம் பழைய ஷெஃபீல்டு கத்திகளில் காணலாம்; அடர்ந்த தாடிக்கு உகந்தது, ஆனால் தீட்டுவது சிரமம். பெரும்பாலோருக்கு முழுக் குழிவோ அரைக் குழிவோ பொருந்தும்.

இந்தக் கத்தியில் எங்களுக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. அதன் முதுகு வெறும் பலத்துக்காக வைத்தது அல்ல. கல்லில் தீட்டும்போது முதுகும் கூரும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். முதுகின் கனமே கூரின் கோணத்தை, அதாவது சுமார் 16, 17 டிகிரியை, நிர்ணயிக்கிறது. தீட்டுபவர் கோணத்தைக் கண்ணால் அளக்க வேண்டியதில்லை. ஆனால் முதுகு கோணலாக இருந்தால் கூரும் கோணல்தான். ஆயுள் முழுதும் அதைத் திருத்த முடியாது. மலிவுக் கத்திகளில் நாங்கள் கண்ட குறைகளில் பாதி இதுவே.

எஃகில் இருவகை. ஏறக்குறைய ஒரு சதவீதம் கரி கலந்த கார்பன் எஃகு நன்றாகக் கூர் ஏறும்; ஆனால் ஈரம் பட்டால் துரு. கறைபடா எஃகு துருவைத் தாங்கும், தீட்ட நேரம் பிடிக்கும். நல்ல கத்தியின் கடினம் ராக்வெல் அளவில் 60ஐ ஒட்டி இருக்கும். கடற்கரை ஊர் வாடிக்கையாளருக்குக் கறைபடா எஃகே நல்லது என்பது எங்கள் கருத்து. கார்பன் எஃகு கேட்டால், துடைத்து உலர்த்தித் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வைக்கச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். நாள்பட்டால் அது பிசுக்காகிவிடும்.

பெரியவர் எங்களுக்கு இரண்டு மாலை நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த சோதனைகளை அப்படியே தருகிறோம். மேசையிலேயே செய்யலாம், செலவு இல்லை. முதலில் கத்தியை மெல்ல மூடிப் பாருங்கள். அலகு கைப்பிடியின் இரு தகட்டுக்கும் நடுவே இறங்க வேண்டும். ஒருபுறம் உரசினால் திறந்து மூடும்போதே கூர் கெடும். அடுத்து, தடித்த கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் அலகைப் படுக்க வைத்து ஒரு முனையை விரலால் லேசாகத் தொடுங்கள். ஆடினால் அலகு முறுக்கேறியது, வாங்க வேண்டாம். இரு பக்கமும் இப்படிச் செய்ய வேண்டும். கூர்ப் பக்கம் இலேசாக வெளியே வளைந்திருப்பது குற்றமில்லை. நடுவில் உள்வாங்கியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

பிறகு விளக்கின் கீழ் கூரை மேல்நோக்கிப் பிடித்துப் பாருங்கள். நல்ல கூர் ஒளியைத் திருப்பாது. வெள்ளைப் பொட்டுகள் மின்னினால் அங்கே மழுங்கல் அல்லது சில்லு இருக்கிறது. அலகை நகத்தால் சுண்டும்போது ஓசை அடைத்தாற்போல் கேட்டால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். கட்டைவிரலைக் கூரின் நீளவாக்கில் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அரிவாள் வாங்கும் பழக்கம் அது. இங்கே செய்தால் தையல் போட வேண்டியிருக்கும்.

பழைய கத்திகளை வாங்கி விற்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மேலாக உள்ள பழுப்புத் துரு போகும். கூரை ஒட்டிய கறுப்புக் குழிகள் போகா. முதுகு ஒரு பக்கம் அதிகம் தேய்ந்திருந்தால் ஒதுக்குங்கள். சில பழைய கைப்பிடிகள் செல்லுலாய்டால் ஆனவை. அது கற்பூரம் சேர்த்துச் செய்த பொருள். நாள்பட்டுச் சிதையும்போது வரும் ஆவி அலகையே அரித்துவிடும். கற்பூர வாடை அடித்து, மூடியிருந்த இடத்தில் மட்டும் துரு இருந்தால் காரணம் அதுதான். யானைத் தந்தக் கைப்பிடி என்று யாராவது கொண்டுவந்தால் கையால் தொடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986, 1991ஆம் ஆண்டுகளில் செய்த திருத்தங்களுக்குப் பின் தந்த வணிகம் நம் நாட்டில் குற்றம்.

கத்தியைத் தனியாக விற்பது பாதி விற்பனைதான். தோல்வார் இல்லாமல் அது இரண்டு வாரம்கூட ஓடாது. ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் தோலில் முப்பது, நாற்பது முறை முதுகு முன்செல்ல இழுக்க வேண்டும். கூர் முன்சென்றால் தோல் அறுந்துவிடும். கல்லில் தீட்டும்போது இதற்கு நேர்மாறு, கூர் முன்செல்ல வேண்டும். கல்லில் 1000ஆம் எண் கூரை உண்டாக்க, 4000 மென்மையாக்க, 8000 முடிக்க என்பது பொதுவான வரிசை. புதிதாக வாங்கியவருக்கு 8000 கல் ஒன்றே சில காலம் போதும், கத்தி நன்றாகத் தீட்டப்பட்டு வந்திருந்தால். புதுக் கத்திகள் பல, தொழிற்சாலையிலிருந்து முகத்தில் வைக்கும் அளவுக்குத் தீட்டப்படாமலே வருகின்றன. அனுப்புபவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தெருவில் வரும் சாணைக்காரரிடம் மட்டும் கொடுக்கக் கூடாது என்று வாடிக்கையாளருக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அரிவாள்மணைக்கு அவர் கை நல்ல கை. ஆனால் அந்தச் சக்கரம் சவரக்கத்தியின் பதத்தை ஒரு நொடியில் எடுத்துவிடும்.

சலூன்காரர் யாராவது இப்போது இந்தக் கத்தியைக் கேட்டால், எதற்கென்று விசாரித்துவிட்டுக் கொடுங்கள். 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன்பின் வந்த விழிப்புணர்வால் சலூன்களில் ஆளுக்கொரு புதுப் பிளேடு என்ற முறை பரவியது. மஞ்சள் காமாலைக் கிருமியும் இரத்தம் பட்ட கத்தி வழியே பரவக்கூடியது. ஒரே மடக்குக் கத்தியைப் பலர் முகத்தில் வைப்பது இனி வேண்டாம். அது ஒருவருக்கு ஒன்று என்று இருக்க வேண்டிய பொருள். பிளேடு மாற்றும் பிடிதான் சலூனுக்கு உகந்தது. நமக்கும் அதில்தான் ஓட்டம் அதிகம்.

விலை விஷயம். சோலிங்கனில் செய்த நல்ல புதுக் கத்தி பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். அங்கே 1869இல் தொடங்கிய போக்கர், 1906இல் தொடங்கிய டோவோ போன்றவை பெயர்பெற்றவை. அதே தோற்றத்தில் சில நூறு ரூபாய்க்கும் கத்திகள் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை சுவரில் மாட்ட உதவும். முதலை முடக்க வேண்டாம். முன்பணம் வாங்கிக்கொண்டு வரவழைத்துக் கொடுப்பதே மேல். இறக்குமதிப் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரித்த நாடு, அதிகபட்ச சில்லறை விலை இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கும் பில்லில் 8212 என்ற வரித் தலைப்பும், குறையிருந்தால் திரும்பப் பெறுவோம் என்ற வாசகமும் இருக்கட்டும். அந்த ஒரு வரி 1984இல் எங்களிடம் இருக்கவில்லை.

கேட்ட மளிகைக்கடைக்காரருக்கு இரண்டு கத்தி வரவழைத்தோம். ஒன்று எல்லாச் சோதனையிலும் தேறியது. மற்றது கண்ணாடித் துண்டின் மேல் வைத்ததும் ஆடியது. அதிலும் நல்ல முத்திரைதான். திருப்பி அனுப்பிவிட்டோம். மாற்றுக் கத்தி வந்துசேர மூன்று வாரம் ஆயிற்று. அந்தப் பையன் காத்திருந்து வாங்கிக்கொண்டான்.