மழைக்கு முன் பேட்டரியைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்குள் டயரையும் வைப்பரையும் பார்த்துவிட வேண்டும் என்பது கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். விட்டுப்போவது பேட்டரிதான். முதல் அடைமழையன்று காலையில் சாவியைத் திருப்பி, செல்ஃப் எடுக்காதபோதுதான் அதன் நினைப்பே வருகிறது.

பேட்டரியைக் கெடுத்தது மழை இல்லை, வெயில். ஏப்ரல், மே மாதங்களில் வெட்டவெளியில் நின்ற காரின் பானெட்டுக்குள் சூடு ஏறி, ஈயத் தகடுகள் அரிக்கப்படுகின்றன. ஆசிட்டில் உள்ள தண்ணீரும் குறைகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. நம் ஊரில் மூன்று, நான்கு ஆண்டுகளில் பேட்டரி ஓய்ந்துபோக இதுவே முக்கியக் காரணம். கோடையில் எஞ்சின் ஆயில் இளகியிருப்பதால் எஞ்சின் சுலபமாகச் சுற்றும். பேட்டரியின் பலவீனம் வெளியே தெரியாது. மழை வந்ததும் ஹெட்லைட், வைப்பர், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. வண்டியோ நெரிசலில் ஊர்கிறது, அல்லது நாள்கணக்கில் வாசலிலேயே நிற்கிறது. ஏற்கெனவே தளர்ந்த பேட்டரி அப்போது கைவிட்டுவிடும்.

ஆகவே இந்த வாரமே பானெட்டைத் திறந்து பாருங்கள். டெர்மினல்களில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றி, சமையல் சோடா கரைத்த வெதுவெதுப்பான நீரால் தேய்த்துத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்ததும் பாசிட்டிவை முதலில் மாட்டி இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். மோதிரத்தையும் உலோக வளையலையும் கழற்றி வைத்துவிட்டே இதைச் செய்ய வேண்டும். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றலாம். குழாய்த் தண்ணீர் கூடாது, ஆசிட்டும் கூடாது.

எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. இரவெல்லாம் நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அளந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் கோளாறு பேட்டரியில் இல்லாமல் ஆல்டர்னேட்டரில் இருக்கலாம்; பேட்டரியை மாற்றினாலும் வண்டி மறுபடி நிற்கும். மூன்று ஆண்டு தாண்டிய பேட்டரி என்றால் கடையில் லோடு டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். வோல்ட் சரியாகக் காட்டிவிட்டு, செல்ஃப் மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும்போது படுத்துவிடும் பேட்டரிகள் நிறைய உண்டு.

இதையும் மீறி வண்டி நின்றுபோனால், முதலில் சத்தத்தைக் கேளுங்கள். டிக்டிக்கென்று தொடர்ந்து அடித்து, டேஷ்போர்டு விளக்குகள் மங்கினால் பேட்டரி டவுன். விளக்கு பளிச்சென்று எரிந்து, ஒரே ஒரு டக் சத்தத்தோடு நின்றால் செல்ஃப் மோட்டாரைச் சந்தேகியுங்கள். எஞ்சின் வழக்கம்போல் சுற்றியும் பற்றவில்லை என்றால் பேட்டரியைக் குறைசொல்வதில் பயனில்லை.

பேட்டரி டவுன்தான் என்று தெரிந்த பிறகே ஜம்பர் கேபிள். ஆனால் பேட்டரி உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, கசிந்தாலோ கேபிளை எடுக்கவே வேண்டாம். உதவிக்கு வரும் வண்டியும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். லாரி 24 வோல்ட். நல்ல மனதோடு லாரிக்காரர் கொடுக்க முன்வந்தாலும் வாங்காதீர்கள், காரின் எலக்ட்ரானிக்ஸ் எரிந்துவிடும். ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களிடமும் கேட்க வேண்டாம்.

இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும். ஹேண்ட்பிரேக் போட்டு, எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். சிவப்பு கேபிளின் ஒரு முனை செத்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். பிறகு கறுப்பு கேபிளை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, அதன் மறுமுனையை நின்றுபோன காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள். பலர் தவறுவது இந்தக் கடைசி இடத்தில்தான். சுற்று முழுமையாகும் அந்த நொடியில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்திலேயே பொறி பட்டால் பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். கண்ணாடி போடும் பழக்கம் இல்லாதவர்களும் இந்த வேலைக்கு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நல்ல காரை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு உங்கள் வண்டியை முயலுங்கள். பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம்; இடையே இடைவெளி விடுங்கள். எடுத்துவிட்டால் மாட்டியதற்கு நேரெதிர் வரிசையில் கேபிள்களைக் கழற்றுங்கள். உடனே எஞ்சினை அணைத்துவிடாதீர்கள். நின்ற இடத்தில் ஓடவிட்டால் சார்ஜ் சரியாக ஏறாது. அரை மணி, முக்கால் மணி நேரம் ஓட்டி, நேராக பேட்டரிக் கடைக்கே போய்விடுங்கள். புதிது வாங்கினால் தயாரித்த மாதத்தைப் பார்த்து வாங்குங்கள். பழையதைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள். காயலான் கடையில் போட்டால் ஈயமும் ஆசிட்டும் யார் கையிலோ, எந்த மண்ணிலோ போய்ச் சேரும்.

கனமழை எச்சரிக்கை வந்ததும் சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்துகிறார்கள். அப்படி நிறுத்துபவர்கள் இறங்கும்போது கேபின் விளக்கு, பார்க்கிங் லைட், டேஷ்கேம் மூன்றையும் அணைத்தாயிற்றா என்று பாருங்கள். மேட்டில் பத்திரமாக நின்ற காரும் இவற்றால் டவுன் ஆகும்.

தண்ணீரில் நின்ற கார் மட்டும் இந்த ஆலோசனைக்கு வெளியே. அதற்கு ஜம்ப் ஸ்டார்ட் கிடையாது, தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கிடையாது. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், ஒரே ஒரு செல்ஃப் போதும், கனெக்டிங் ராட் வளைந்துவிடும். எஞ்சின் பாதுகாப்புக்குத் தனி கவர் எடுக்காத பாலிசிகளில், இப்படி ஸ்டார்ட் செய்து கெட்ட எஞ்சினுக்குக் காப்பீட்டுப் பணம் கிடைப்பது கடினம். தண்ணீர் வடிந்ததும் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள், நீர் நின்ற அளவு தெரியும்படி போட்டோ எடுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள், டோ வண்டியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள். அதுவரை சாவி உங்கள் பையிலேயே இருக்கட்டும்.