அக்ரிலிக் ஓரத்தின் மயிரிழை விரிசல்: காரணமும் பொறுப்பும்

அக்ரிலிக் ஷீட் வேலையில் ஒரு பட்டறைக்கு நேரும் இழப்புகளுள் மிகவும் கசப்பானது, ரம்பத்தின் வாயில் உடையும் ஷீட்டால் வருவதன்று. அளவு பிசகாமல் வெட்டி, துளையிட்டு, ஒட்டிக் கொடுத்துப் பணமும் வாங்கிய பிறகு, வாடிக்கையாளரின் மேசைமேல் நிற்கும்போது ஓரத்திலிருந்து உள்நோக்கி ஓடும் மயிரிழை விரிசல்களால் வருவதே அது. கிரேஸிங் எனப்படும் இவ்விரிசலைக் கண்டதும் பொருள் மட்டம் என்பாரும், வெட்டியவனுக்குக் கைப்பழக்கம் போதாது என்பாரும் உண்டு. இரண்டும் விசாரணையின்றி எழுதப்படும் தீர்ப்புகளே.

2020 மார்ச் 25இல் தொடங்கிய பொது முடக்கம் படிப்படியாகத் தளர்ந்தபோது, மருந்துக் கடை முதல் வங்கிக் கவுண்டர் வரை கண்ணாடி போன்ற தடுப்புகள் தேவைப்பட்டன. திருநெல்வேலியின் பாளையங்கோட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் டவுனிலும் காலையில் அளவு கொடுத்து மாலையில் பொருளைக் கேட்டவர்கள், அதே தடுப்பை நாள்தோறும் பலமுறை சானிட்டைசர் தெளித்துத் துடைத்தனர். உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த இரண்டு கலவைகளில் ஒன்று 80 விழுக்காடு எத்தனாலையும், மற்றொன்று 75 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையும் கொண்டது. இரண்டுமே அக்ரிலிக்கின் வெட்டோரத்துக்கு ஆகாதவை. எனினும் ஓரம் விரிந்தபோது கேள்வி பட்டறையை நோக்கி வந்ததேயன்றி, துடைத்த கையை நோக்கிச் செல்லவில்லை.

விரிசலுக்கு இரு காரணங்கள் ஒன்றுகூட வேண்டும். லேசர் கதிரோ, மழுங்கிய பிளேடோ, பளபளப்புக்காகக் காட்டப்படும் தீச்சுடரோ ஓரத்தை உருக்கும்போது, உருகிய மெல்லிய அடுக்கு ஆறிச் சுருங்க முயல்கிறது. உள்ளே குளிர்ந்தே இருக்கும் பகுதி அதைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்வதால், ஓரம் முழுவதும் இழுபட்ட நிலையிலேயே இறுகிவிடுகிறது. வெளிவிசை ஏதுமின்றிப் பொருளுக்குள் தங்கிவிடும் இவ்விழுப்பு எஞ்சிய தகைவு எனப்படும். கண்ணுக்குத் தெரியாத இத்தகைவு தனியாக நின்றால் பல மாதங்கள்கூடத் தீங்கின்றிக் கிடக்கலாம். ஆல்கஹால் உட்புகுந்து மூலக்கூறுச் சங்கிலிகளின் பிடியைத் தளர்த்தியதும், இழுபட்ட இடங்கள் வாய் திறக்கின்றன. லேசர் ஜாப் ஒர்க் செய்வோர் பெருமையுடன் காட்டும் பளிங்கு போன்ற ஓரமே மிகுந்த ஐயத்துக்குரியது என்பது இதனால் விளங்கும். வெட்டி மிஞ்சிய துண்டின் ஓரத்தில் சானிட்டைசரைத் தடவிச் சற்று நேரம் வைத்துப் பார்த்தால், வாதத்துக்கே இடமிராது.

ஷீட் வாங்கும் இடத்திலும் ஏமாற்றம் நேர்வதுண்டு. இரு கண்ணாடித் தட்டுகளுக்கிடையே திரவத்தை ஊற்றி இறுகச் செய்த ஷீட் காஸ்ட் எனவும், உருகிய பொருளை வாய் வழியே பிதுக்கி உருளைகளுக்கிடையே இழுத்தது எக்ஸ்ட்ரூடட் எனவும் வழங்கும். பின்னது விலை குறைந்தது, தடிமன் சீரானது. ஆனால் டிரில் பிட்டில் பிசினாக ஒட்டிக்கொள்ளும், விரைவில் விரிசல் காணும். 8×4 அடி ஷீட்டைக் காஸ்ட் என்று சொல்லி எக்ஸ்ட்ரூடட்டை இறக்கும் வியாபாரியின் சொல்லை நம்புவதைவிட, மூலையில் லேசரால் ஓர் எழுத்தைப் பொறித்துப் பார்ப்பது நலம்: காஸ்ட் வெண்பனி போல் வெளுக்கும், மற்றது நிறமற்று நிற்கும்.

வெட்டும் முறைகள் எவரும் அறிந்தவையாதலால் சுருக்கமே போதும். கார்பைடு பல் வைத்த பிளேடு கூர்மையாக இருத்தல் வேண்டும். ரூட்டருக்கு ஒற்றைப் பள்ளமுள்ள பிட் ஏற்றது. சீவல் உதிரியாக வர வேண்டுமேயன்றி உருகித் திரளக் கூடாது. துளையிடும்போது அடியில் மரக்கட்டை வைத்து, துளை முடியும் இடத்தில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். பிவிசி ஷீட்டை லேசரில் வைத்தல் ஆகாது. அதிலிருந்து எழும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் இயந்திரத்தையும் ஒருசேர அரிக்கும்.

பெரும்பாலான பட்டறைகள் தவிர்ப்பதும், தவிர்த்ததற்கு மிகுந்த விலை கொடுப்பதுமான வேலை அனீலிங் ஆகும். அதாவது வெட்டிய துண்டை மெல்லச் சூடாக்கி, மெல்ல ஆறவிட்டு, எஞ்சிய தகைவைத் தளர்த்துவது. காஸ்ட் ஷீட்டுக்கு 80 டிகிரி செல்சியஸ் பொருத்தமானது. தடிமனை மில்லிமீட்டரில் கணக்கிட்டு மூன்றால் வகுத்து வரும் எண்ணிக்கையிலான மணி நேரம், எவ்வளவு மெல்லியதாயினும் குறைந்தது 2 மணி நேரம், அடுப்பில் இருக்க வேண்டும். சுமார் 105 டிகிரியில் அக்ரிலிக் இளகத் தொடங்குமாதலால் அவசரத்துக்காகச் சூட்டை ஏற்றினால் துண்டு நெளிந்துவிடும். பாதுகாப்புத் தாளை முன்னரே உரித்துவிட்டு, சமதளத்தில் கிடத்தி, மணிக்கு 15 டிகிரிக்கு மேற்படாமல் குளிரச் செய்தல் வேண்டும். குளோரோஃபார்ம் கொண்டு ஒட்டுவது இதற்குப் பின்னரே முறை. அக்கரைப்பானும் ஆல்கஹாலைப் போலவே இழுபட்ட ஓரத்தைப் பிளக்கக்கூடியது.

பொருள் மட்டமானது என்ற குற்றச்சாட்டுக்கு மருத்துவ வரலாறே மறுமொழி. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த அக்ரிலிக் சில்லுகள் தீங்கின்றிக் கிடந்ததைக் கவனித்த கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி, 1949இல் லண்டனில் அதே பொருளாலான வில்லையை நோயாளியின் கண்ணுக்குள் பொருத்தினார். 1992இல் மதுரையில் தொடங்கப்பட்ட ஆரோலேப் அத்தகைய வில்லைகளை மலிவாகச் செய்து தந்தது. அதன் தாய் நிறுவனமான அரவிந்த் கண் மருத்துவமனை 1988 முதல் திருநெல்வேலியிலும் இயங்கி வருகிறது. கண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பொருள் கடை மேசையில் சில வாரத்தில் விரிகிறதென்றால், குறை பொருளில் இல்லை. அதற்குத் தரப்படாத நேரத்தில் இருக்கிறது.

பொருத்தும் இடத்தில் மற்றொரு கவனமும் தேவை. வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் 1 மீட்டர் அக்ரிலிக் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் நீளும். அக்னி நட்சத்திரக் காலத்தில் தகரக் கூரையின்கீழ் நிற்கும் தடுப்புக்கு இது சிறிய அளவன்று. ஆகவே துளை திருகைவிட அகன்றிருக்க வேண்டும். திருகைக் கடைசிச் சுற்றுவரை முறுக்குவது புதிய தகைவை விலைக்கு வாங்குவதாகும்.

இத்தனைக்கும் பிறகு எஞ்சுவது பொறுப்பைப் பங்கிடும் வேலை. மென்மையான துணியும் சோப்புத் தண்ணீரும் மட்டுமே ஏற்றவை, ஸ்பிரிட்டும் சானிட்டைசரும் கூடா என்பதைப் பில்லிலேயே எழுதிக் கையொப்பம் பெறுதல் வேண்டும். வாய்ச்சொல் தகராறின்போது எவர் நினைவிலும் நிற்பதில்லை. அடுப்பு நேரத்துக்குரிய கூலியை விலையில் சேர்த்தே சொல்ல வேண்டும். அதைக் கேட்டு முகம் சுளித்து, மாலைக்குள் முடித்துத் தரும் வேறு பட்டறையைத் தேடிப் போகும் வாடிக்கையாளரைத் தடுக்க வேண்டியதில்லை. அந்த விரிசலுக்கு அப்பட்டறையே பதில் சொல்லிக்கொள்ளட்டும்.