வெயிலில் நிற்கும் காரில் துப்பாக்கி: லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மதுரையில் சித்திரை பிறந்தால் வெயில் 40 டிகிரியைத் தொடுவது புதுசு இல்லை. அக்னி நட்சத்திர நாட்களில் மாசி வீதியில் நிறுத்திய காருக்குள் திரும்பி ஏறும்போது ஸ்டீயரிங்கைக்கூடத் தொட முடியாது. அந்தக் காரின் சீட்டுக்கு அடியில் ஒரு ரிவால்வர் இருந்தால்?

தற்காப்புக்காக முறையாக உரிமம் பெற்று கைத்துப்பாக்கி வைத்திருக்கும் நகை வியாபாரிகள், தொழிலதிபர்கள், முன்னாள் ராணுவத்தினர் நம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு வரும் சந்தேகம் இதுதான்: "சூட்டுல தோட்டா தானா வெடிச்சிடுமா?" அதற்கான பதிலையும், அதைவிட முக்கியமான வேறொரு ஆபத்தையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம். உங்களிடம் துப்பாக்கி இல்லாவிட்டாலும் படியுங்கள். உங்கள் அப்பாவிடமோ, முதலாளியிடமோ இருக்கலாம்.

காருக்குள் எவ்வளவு சூடாகும்?

அமெரிக்காவில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடுகிறது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

நம்ம ஊர் வெயிலுக்கு நெருக்கமான அரிசோனா மாநிலத்தில் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரின் உட்புறம் சராசரியாக 47 டிகிரி, டேஷ்போர்டு 69 டிகிரி. நிழலில் நின்ற காரில் உட்புறம் 38, டேஷ்போர்டு 48. ஒரு வேப்பமர நிழல் டேஷ்போர்டில் 20 டிகிரியைக் குறைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டா தானாக வெடிக்குமா?

வெடிக்காது. இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா வெடிமருந்து தானாகத் தீப்பிடிக்க 150 டிகிரிக்கும் மேல் சூடு வேண்டும். நிறுத்திய காரின் உட்புறம் அந்த அளவுக்குப் போவதில்லை.

ஆனால் "அப்போ பிரச்சினை இல்லை" என்று விட்டுவிடக் கூடாது.

1. நாள்கணக்கில், மாதக்கணக்கில் சூட்டிலேயே கிடந்தால் வெடிமருந்தின் தரம் குறையும். தேவைப்படும் நேரத்தில் தோட்டா சரியாக வேலை செய்யும் என்று நம்ப முடியாது.
2. துப்பாக்கிக்குப் போட்ட எண்ணெய் சூட்டில் இளகி வழிந்துவிடும். ஏசி குளிரில் இருந்த உலோகம் வெளிக்காற்றுக்கு வரும்போது ஈரம் படியும். வியர்வை ஊறிய தோல் உறையும் சேர்ந்தால் துரு பிடிக்கும்.
3. சூடேறிய உலோகம் கையைச் சுடும். சுட்ட கை பதறும். பதறிய கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது.
4. கார் தீப்பிடித்தால் கணக்கே வேறு. தீயின் சூட்டில் தோட்டா வெடிக்கும். துப்பாக்கிக்குள் தோட்டா இருந்தால், குழல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் குண்டு பாயும். அப்படி நேர்ந்தால் உள்ளே துப்பாக்கி இருப்பதைத் தீயணைப்பு வீரர்களிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

உண்மையான ஆபத்து எது?

கண்ணாடியை உடைக்கும் கை. அல்லது காரில் காத்திருக்கும் குழந்தையின் கை.

அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோ நகரில் 2015 ஜூன் மாதக் கடைசியில், மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை அதிகாரி ஒருவர் தன் காரில் பைக்குள் கைத்துப்பாக்கியை வைத்துவிட்டுப் போனார். காரை உடைத்து அதைத் திருடினார்கள். நான்கே நாளில், ஜூலை 1-ம் தேதி, கடற்கரைத் துறையில் அப்பாவோடு நடந்துகொண்டிருந்த இளம்பெண் ஒருவர் அதே துப்பாக்கியின் குண்டு பட்டு இறந்தார். துப்பாக்கியைப் பயன்படுத்தப் பயிற்சி பெற்ற அதிகாரிதான் அதை வைத்திருந்தார். காரில் விட்டுச் சென்றதுதான் தவறாகப் போனது. இதன் பிறகு கலிஃபோர்னியா மாநிலம், ஆளில்லாத வாகனத்தில் கைத்துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்பதைக் காவல் துறையினருக்கும் கட்டாயமாக்கியது. 2017 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது.

குழந்தைகள் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். பெரும்பாலான ரிவால்வர்களில் தனியாக சேஃப்டி லாக் கிடையாது. விசையை அழுத்தினால் சுடும். "டேஷ்போர்டு பெட்டியில்தானே இருக்கு" என்பது பாதுகாப்பே இல்லை. பிள்ளைகள் முதலில் திறந்து பார்ப்பதே அதைத்தான்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016 ஆகிய இரண்டும்தான் அடிப்படை.

பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உடலோடு பொருத்திய உறையிலோ, அதற்கான பையிலோ, முழுவதும் மூடிய நிலையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். எடுத்துச் செல்பவரின் முழுக் கட்டுப்பாட்டிலும் அது இருக்க வேண்டும். நீங்கள் கடைக்குள் இருக்கும்போது தெருவில் நிற்கும் காரில் கிடக்கும் துப்பாக்கி உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சந்தை, திருவிழா ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிறுவன வளாகம் ஆகிய இடங்களுக்குச் சிறப்பு அனுமதி இல்லாமல் துப்பாக்கி எடுத்துப் போகக் கூடாது என்பது உரிமத்தின் நிபந்தனை. எதிர்சேவைக்கும், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கவும், அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கும் போகும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

டிரைவரை நம்பி விட்டுவிட்டுப் போகலாமா? உரிமம் இல்லாதவர் துப்பாக்கியை வைத்திருப்பதற்குச் சட்டம் மிகக் குறைந்த விலக்குகளையே தருகிறது. "அண்ணே, கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று விட்டுப் போனால் அவரையும் சேர்த்துச் சிக்கலில் மாட்டிவிடுகிறீர்கள்.

உரிம நிபந்தனையை மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். உரிமம் ரத்தாகவும் வாய்ப்பு உண்டு.

சரி, அப்போ என்ன செய்யலாம்?

முடிவை வீட்டிலேயே எடுங்கள். கிளம்பும் முன் அன்றைக்குப் போகும் இடங்களை மனதில் ஓட்டிப் பாருங்கள். கோயில், கோர்ட், பள்ளிக்கூடம், மண்டபம் என்று துப்பாக்கியோடு நுழைய முடியாத ஓர் இடம் இருந்தாலும், துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்திலேயே இருக்கட்டும். தெற்கு ஆவணி மூல வீதிக் கடையிலிருந்து நேராக வீட்டுக்குத் திரும்பும் வியாபாரிக்கு இந்தச் சிக்கல் வராது. வழியில் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வரலாம் என்று நினைப்பவருக்குத்தான் வரும்.

வெளியூர்ப் பயணம், நீண்ட நாள் இல்லாமை என்றால், பாதுகாப்பு வைப்புக்கு உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம்.

எதிர்பாராத அவசரம். ஆஸ்பத்திரிக்குள் ஓட வேண்டிய நிலை. வேறு வழியே இல்லாத அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும்:

• விசையில் விரல் வைக்காமல், குழலை ஆள் இல்லாத பாதுகாப்பான திசையில் வைத்துத் தோட்டாக்களை எடுத்துவிடுங்கள். ரிவால்வர் என்றால் சிலிண்டரைத் திறந்து எல்லா அறைகளையும் பாருங்கள். பிஸ்டல் என்றால் முதலில் மேகசினைக் கழற்றி, பிறகு ஸ்லைடை இழுத்து உள்ளே ஒன்று தங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.
• தோட்டாக்களை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.
• காரின் உடற்சட்டத்தோடு போல்ட்டோ கம்பி வடமோ போட்டுப் பிணைத்த, பூட்டு உள்ள இரும்புப் பெட்டியில் மட்டும் துப்பாக்கியை வையுங்கள். சாவி உங்களிடம் இருக்கட்டும். தூக்கிக்கொண்டு போகக்கூடிய பெட்டி திருடனுக்கு நீங்களே கட்டிக்கொடுத்த பார்சல்.
• இதையெல்லாம் பார்க்கிங்கில் நாலு பேர் பார்க்கச் செய்யாதீர்கள். யார் கண்ணிலும் படாத இடத்தில் முடித்துவிட்டு வந்து நிறுத்துங்கள்.
• நிழலில் நிறுத்துங்கள். இரவு முழுக்கக் காரில் விடவே விடாதீர்கள்.

காணாமல் போய்விட்டால்?

ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். பக்கத்துக் காவல் நிலையத்தில் உடனே தகவல் தர வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. அவசரத்துக்கு 112 அல்லது 100-ஐ அழைக்கலாம். ஆவணம் தொலைந்தால் ஆன்லைனில் பதிவதுபோல இதைப் பதிந்துவிட்டு இருந்துவிட முடியாது. நேரில் போய்ப் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். "கெட்ட பேர் வந்துடுமே" என்று மறைத்தால், அந்தத் துப்பாக்கியால் நடக்கும் எதற்கும் விசாரணை உங்கள் வீட்டு வாசலில்தான் தொடங்கும்.

இன்றே போனில் செய்யக்கூடியவை

• துப்பாக்கியின் எண், உரிமத்தின் தனி அடையாள எண், உரிமப் பக்கங்கள் ஆகியவற்றைப் படம் எடுத்துப் பூட்டு உள்ள கோப்புறையில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.
• உரிமம் முடியும் தேதிக்குச் சில மாதங்கள் முன்பே நினைவூட்டல் போடுங்கள். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு உரிமக் காலம் 5 ஆண்டு.
• உரிமம் தொடர்பான சந்தேகங்களுக்கு மதுரை மாநகரில் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தையும், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் போன்ற புறநகர்ப் பகுதிகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையும் அணுகுங்கள்.

நினைவில் வையுங்கள்: காரை நிழலில் விட்டால் சூடு குறையும், திருட்டு குறையாது. துப்பாக்கி ஒன்று உங்கள் உடம்போடு இருக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டுப் பெட்டகத்தில் இருக்க வேண்டும்.