கேமரா எந்த உயரத்தில் நிற்கிறது?



நம்ம குழுக் கூட்டத்துக்கு வெளியிலிருந்து யாராவது வந்தால் முதல் வேலையாக போட்டோ எடுப்பாங்க. நாமும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வரிசையாக உட்காருவோம். அந்தப் படம் எங்கே போகிறது? பார்க்கிறவங்க நம்மைப் பற்றி என்ன நினைப்பாங்க? இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற அமைப்பு கிராமம் கிராமமாகப் பெண்கள் சங்கங்களை உருவாக்கியது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். சோளமும் தினையும் விதைக்கிறவர்கள். அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான பி.வி.சதீஷ் முன்பு தொலைக்காட்சியில் வேலை பார்த்தவர். 1990-களின் கடைசியில் இந்தப் பெண்களில் சிலர் வீடியோ கேமரா பழகினார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்களும் அதில் உண்டு. படக்காரர்கள் சொல்லும் இங்கிலீஷ் பேருக்குப் பதிலாக அவர்களே பேர் வைத்தார்கள்:

பட்டேல் ஷாட்: மேலேயிருந்து கீழே பார்ப்பது. பட்டேல் என்றால் அங்கே நிலக்காரர். அவர் கூலிக்காரரைப் பார்க்கிற பார்வை.

அடிமை ஷாட்: கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பது. கூலிக்காரர் பட்டேலைப் பார்க்கிற பார்வை.

சங்க ஷாட்: கண்ணுக்குக் கண் நேராகப் பார்ப்பது. சங்கத்தில் எல்லோரும் சமமாகத்தானே உட்காருகிறோம்!

இது வெறும் பேர் விளையாட்டு இல்லை. 1984-85-இல் எத்தியோப்பியாவில் பெரும் பஞ்சம். எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்களை உலகமே பார்த்தது. உதவிப் பணம் குவிந்தது. ஆனால் அதே மாதிரிப் படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டியதில், 'அந்த மக்களுக்கு எதுவுமே தெரியாது, நாம் கொடுத்தால்தான் பிழைப்பார்கள்' என்ற எண்ணம் வளர்ந்தது. இந்தக் குறை பேசப்பட்டு, ஏழை மக்களை மரியாதையோடு காட்ட வேண்டும் என்று ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் 1989-இல் விதிமுறை எழுதிக்கொண்டன.

சங்க ஷாட் என்ன செய்யும்? 2002-இல் நம் நாட்டில் பி.டி. பருத்தி விதைக்கு அனுமதி கிடைத்தது. ஜஹீராபாத் பெண்கள் கேமராவோடு வாரங்கல் போனார்கள். அந்தப் பருவம் முழுக்க அதே விவசாயிகளிடம் திரும்பத் திரும்பப் போய், செலவையும் மகசூலையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். 2003-இல் வந்த அந்தப் படம் வெளிநாடுகளிலும் காட்டப்பட்டது. கேட்டவரும் விவசாயி, சொன்னவரும் விவசாயி. அதனால்தான் மனம் விட்டுப் பேசினார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

1. படம் எடுக்க வருபவரிடம் கேளுங்கள்: "எதுக்கு எடுக்கறீங்க? எங்கே போடுவீங்க?" பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் குழு அவர் பக்கம் நிற்க வேண்டும்.

2. நாமே செல்போனில் எடுக்கும்போதும் அனுமதி கேட்க வேண்டும். கீழே உட்கார்ந்து வேலை செய்பவரை நின்றபடி எடுக்காதீர்கள். நாமும் உட்கார்ந்து எடுப்போம்.

3. கறவை மாட்டுக் கடன் வாங்கிய அக்காவை மாட்டுப் பக்கத்தில் நிற்க வைத்தால் மட்டும் போதாது. தீவனம் வைப்பது, பால் கறப்பது, சொசைட்டியில் ஊற்றுவது, தவணை கட்டுவது எல்லாம் எடுங்கள். அவருடைய உழைப்பும் திறமையும் தெரியட்டும்.

4. எடுத்ததை முதலில் அவரிடமே காட்டுங்கள். பிடிக்காத படத்தை அழித்துவிடுங்கள்.

குழுவில் பேசுவோம்:

நம் குழுவை இதுவரை எடுத்த படங்களில் சங்க ஷாட் எத்தனை, பட்டேல் ஷாட் எத்தனை?

நம் ஊர் குடிநீர்ப் பிரச்சினையை நாமே படம் எடுத்தால், யாரைப் பேச வைப்போம்? யாரிடம் காட்டுவோம்?

பேசி முடிவெடுத்ததைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.