பாரதப்புழையைக் கடந்த இருப்புப்பாதை

அகளியிலிருந்து ஆனைக்கட்டி வழியாகக் கோயம்புத்தூர் செல்லும் பேருந்து, மாநில எல்லையை எளிதாகக் கடந்துவிடுகிறது. ஆனால், இரண்டு அரசுகளின் நிலங்களை ஓர் இருப்புப்பாதை இணைக்க வேண்டுமானால், தண்டவாளத்திற்கு முன்பே உடன்பாடு வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஷொர்ணூர், சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. பாரதப்புழையின் தென்கரையில் கொச்சி சமஸ்தானம் தொடங்கியது. சென்னையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த இரயில், கொச்சி நாட்டுக்குள் செல்லவில்லை. அதனைக் கொச்சிக்குக் கொண்டுசெல்ல விரும்பினார் 1895இல் அரியணையேறிய மன்னர் இராமவர்மா.

இரு அரசுகளும் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டியிருந்தது.

முதலாவது, பணம் யார் தருவது? செலவைக் கொச்சி ஏற்றது. திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களையும் மன்னர் இதற்காக விற்றார் என்பர்.

இரண்டாவது, வண்டிகளை யார் இயக்குவது? அப்பொறுப்பு மதராஸ் இரயில்வே நிறுவனத்திடம் அளிக்கப்பட்டது.

மூன்றாவது, பாதை அமைந்த நிலத்தில் எவருடைய சட்டம் செல்லும்? இதுவே கடினமான வினா. அந்நிலத்தின் நீதி, காவல் அதிகாரங்களைச் சமஸ்தானங்களிடமிருந்து கேட்டுப் பெறுவது ஆங்கில அரசின் வழக்கம். கொச்சியும் அவற்றை ஒப்படைத்தது. தன் பணத்தில் அமைந்த பாதையில் தன் சட்டம் செல்லாது என்பதே கொச்சி கொடுத்த விலை.

1902 ஜூலை 16 அன்று ஷொர்ணூர்–எறணாகுளம் பயணிகள் இரயில் ஓடத் தொடங்கியது. எனினும் ஒரு குறை எஞ்சியது. சென்னைப் பாதை அகலப்பாதை. கொச்சிப் பாதையோ மீட்டர் பாதை. ஆகவே ஷொர்ணூரில் பயணிகள் வண்டி மாறினர். சரக்கும் இறக்கி ஏற்றப்பட்டது. 1930களில் கொச்சிப் பாதையும் அகலப்பாதையாக்கப்பட்ட பின்னரே இத்துன்பம் நீங்கியது.

உடன்பாடு என்பது பெறுவது மட்டுமன்று. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கலாகாது என ஆராய்ந்து தெளிவதுமாகும்.

சொற்பொருள்
இருப்புப்பாதை – இரயில் பாதை
சமஸ்தானம் – மன்னராட்சிப் பகுதி
உடன்பாடு – ஒப்பந்தம்

பயிற்சி
1. பிரித்து எழுதுக: தென்கரை, அரியணையேறிய.
2. ஷொர்ணூரில் பயணிகள் வண்டி மாறியது ஏன்?
3. கொச்சி பெற்றது யாது? இழந்தது யாது? இரண்டையும் ஒப்பிட்டு, அவ்வுடன்பாடு தக்கதா என ஐந்து வரிகளில் எழுதுக.